அம்மாவின் பக்கத்து சீட்

பக்கவாத்தியம் என்றால், பாடுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வாசிப்பது. ரேடியோவில் தினமும் சொல்கிறார்கள். பக்கத்து வீடு என்றால் நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது. அப்படியானால் பக்க விளைவு? மூன்றாம் வகுப்பில், தமிழில் எப்போதும் முதலாவதாக வந்துகொண்டிருந்த எனக்கு இதில் சந்தேகமே எழவில்லை. மாத்திரையை விழுங்குகிறவருக்கு வருவது விளைவு. அவருக்குப் பக்கத்தில் இருக்கிறவருக்கு வருவது பக்க விளைவு.

அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்டது புத்தூரில், ஒரு டாக்டரின் மாடி அறையில். அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி. வீட்டில் அதைப் பெயர் சொல்லிக்கூட அழைப்பதில்லை, "அது" என்போம். அது வந்தால் ஜன்னல்கள் சாத்தப்படும், ரேடியோ ஊமையாகும். குக்கர் விசில் அம்மாவின் மண்டைக்குள் ஆணி இறக்கும் என்பதால் அப்பா பானையில் சோறு வடிப்பார், கையையும் சுட்டுக்கொள்வார். அம்மா வலது கண்ணின்மேல் ஈரத்துணி போட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடப்பாள். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். வாரம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனவள், வலியை எல்லாம் விடுமுறைக்கென்று சேர்த்துவைத்ததுபோல.

டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே பேசினார்.

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. இது வலி வந்தப்புறம் போடறதில்லம்மா, வராம இருக்கறதுக்குப் போடறது. பக்க விளைவு கொஞ்சம் இருக்கும். அசதியா இருக்கும், கை கால் ஜில்லுன்னு ஆகும், கன்னாபின்னான்னு கனவு வரும். பயப்படாதீங்க. ஆனா நீங்களா நிறுத்திடக் கூடாது. எதுவா இருந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லுங்க."

அம்மா தலையாட்டினாள். அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நான் மெல்ல எழுந்துபோய் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். அம்மாவுக்குத் துவாக்குடியில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் டைப் அடிக்கும் வேலை. காலையில் டவுன் பஸ்ஸில் இருவரும் காவிரிப் பாலம் தாண்டிச் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை போவோம். அங்கே என்னைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு அவள் துவாக்குடி பஸ் பிடிப்பாள். திரும்பி வரும்போது அவள் காகிதம்போல் கசங்கியிருப்பாள். ஆகவே அம்மா முழுசாக எனக்கே எனக்கென்று கிடைத்தது அந்தக் காலை நேரத்து பஸ்ஸில்தான். நான் ஜன்னலோரம், அவள் பக்கத்தில். வகுப்பில் யார் யாரைக் கிள்ளினார்கள், எந்த டீச்சரின் செருப்பு அறுந்தது, எல்லாம் அங்கேதான் சொல்லப்படும். பாதி நிஜம், பாதி நான் கட்டியது. பாலத்தின்மேல் பஸ் ஏறியதும் ஆற்றுக் காற்று வாய்க்குள் புகுந்து என் பொய்களைப் பெரிதாக்கும். அம்மா எல்லாவற்றையும் நம்புவாள், அல்லது நம்புவதுபோல் "அப்புறம்?" என்பாள். அந்த அப்புறத்துக்காகவே நான் பள்ளிக்கூடம் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

மாத்திரை ஆரம்பித்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பஸ் ஏறும்போது அம்மா என் கையைப் பிடித்தாள். ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டதுபோல் இருந்தது. டாக்டர் சொன்ன ஜில் ஆரம்பித்துவிட்டது. அந்த மாதம் பள்ளியில் ஓட்டப் பந்தயம் வைத்திருந்தார்கள், பரிசு ஒரு ரோஸ் நிற பிளாஸ்டிக் சோப்பு டப்பா. அசதி வந்தால் எப்படி ஓடுவேன்? கையை உருவிக்கொண்டு, எங்கள் வழக்கமான சீட்டைத் தாண்டிப்போய், டிரைவருக்குப் பின்னாலிருந்த நீள சீட்டில் உட்கார்ந்தேன்.

"பாப்பா, அங்க எங்க போற? வா இங்க."

"நான் இங்கயே இருக்கேன்."

கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடி சிரித்தார். "என்னக்கா, பொண்ணு டூ விட்டுருச்சா?"

அம்மாவும் சிரித்தாள். முதல்நாள் மட்டும்.

காரணத்தை நான் சொல்லவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு ஆகாது என்று பெற்ற தாயிடம் எப்படிச் சொல்வது? அந்த வயதிலும் எனக்கு ஒரு நாகரிகம் இருந்தது.

காலியான என் இடத்தில் பூக்காரம்மா வந்து உட்கார ஆரம்பித்தார். சத்திரத்தில் விற்பதற்காக ஸ்ரீரங்கத்தில் பூ வாங்கிக்கொண்டு போகிறவர். மடியில் மல்லிகைக் கூடை. பஸ் பாலம் ஏறுவதற்குள் அவருக்கு ஒரு கொட்டாவி, இரண்டு, மூன்று, பிறகு அம்மாவின் தோளில் தலை சாய்த்துத் தூங்கியே போனார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பலித்துவிட்டது! அவர் விடிவதற்கு வெகுமுன்பே எழுந்து பூ எடுக்கப் போகிறவர் என்பது எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் நான் மனசுக்குள் அவருக்குக் காரியமே செய்துவிட்டேன். நாலாம் நாள் புதுச் சேலை, கை நிறைய வளையலுடன் ஏறினார், தங்கை மகளுக்குச் சடங்காம்.

"ஏம்மா, பாப்பா ஏன் என்னையப் பேயப் பாத்த மாதிரி முழிக்குது?" என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தாமலே, "உங்கிட்டயும் ஒட்ட மாட்டேங்குது. அடிச்சுப்புட்டியா?"

"இல்லக்கா," என்றாள் அம்மா. மல்லிகைக் கூடைக்கு எதிர்ப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இதற்கிடையில் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன், கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒருநாள் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, மொட்டைமாடியில், வெயிலில், ஆமாம், வெயிலில், கூந்தலை விரித்துப்போட்டு நின்றாள். ரேடியோவோடு சேர்ந்து பாடினாள். அப்பா குக்கரை எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு விசிலுக்கும் அவள் முகத்தைத் திருடனைப்போல் எட்டிப் பார்த்தார். அவள், "என்ன பாக்கறீங்க, இன்னும் ரெண்டு விசில் விடுங்க" என்றாள். மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது, விரல்கள் ஜில்லிட்டுத்தான் இருந்தன. ஆனாலும் அது வரவில்லை. அந்த நாலு வாரமும் அது எங்கள் வாசல் பக்கமே வரவில்லை.

இப்போது அது என்னிடம் வந்திருக்கிறது. அதே வலது கண், கிட்டத்தட்ட அதே வயதில். நாலு வாரம் வலியில்லாமல் இருப்பது என்றால் என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். தலைக்குள் பூட்டிக் கிடந்த ஓர் அறையை யாரோ பெருக்கித் துடைத்துத் திறந்துவிட்டதுபோல் இருக்கும்.

ஓட்டப் பந்தயத்தில் நான் நாலாவதாக வந்தேன். சோப்பு டப்பா மூன்று பேருக்குத்தான். அன்று சாயங்காலம் பள்ளி வாசலில் எனக்காக நின்றுகொண்டிருந்த அம்மா, என் கண்ணைத் துடைக்கக் கை நீட்டினாள். நான் பின்வாங்கினேன். அசதி எப்படியோ வந்துவிட்டதென்ற கோபம் வேறு.

அவள் கை அப்படியே நின்றது.

"அம்மா கை ஜில்லுன்னு இருக்கே, அதனாலதான் பக்கத்துல வரமாட்டேங்கிறியா?"

கிட்டத்தட்ட சரியான பதிலை அவளே சொல்லிவிட்டாள். மீதியை விளக்கும் சிரமம் எனக்கு மிச்சம். "ம்," என்றேன்.

அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள், விரல் படாமல்.

அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, ஸ்ரீரங்கம் பஸ் நிறுத்தத்தில் என் முன்னால் குனிந்து கையை நீட்டினாள்.

"தொட்டுப் பாரு."

நான் ஒரு விரலால் தொட்டேன். தோசைக்கல்லை இறக்கிவைத்துச் சற்று நேரம் ஆனதுபோல, இதமாக இருந்தது.

"அம்மா அந்த மாத்திரைய நிறுத்திட்டேன். அப்பாகிட்ட சொல்லாத, என்ன? இப்பயாவது உக்காருவியா?"

உட்கார்ந்தேனா என்றா கேட்கிறீர்கள்? பூக்காரம்மாவை முழங்கையால் இடித்துக்கொண்டு ஓடினேன். ஜன்னலோரம் நான், பக்கத்தில் அம்மா. அத்தனை வாரக் கதைகள் தேங்கியிருந்தன, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பந்தயத்தில் என்னைத் தள்ளிவிட்டவளின் பெயர், அவள் முழங்காலில் இருந்த மச்சம், தலைமை ஆசிரியை விசிலை விழுங்கப் பார்த்த கதை. பாலம் வந்தது. ஆறு நிறையத் தண்ணீர், தண்ணீர் நிறைய வெயில், வெயில் முழுவதும் ஜன்னல் வழியாக எங்கள்மேல். அம்மா முந்தானையை எடுத்து வலது கண்ணின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். இன்னொரு கண்ணையும் மூடிக்கொண்டாள். ஆனாலும் என் கையை விடவில்லை. "அப்புறம்?" என்றாள், பல்லிடுக்கில் வந்த மெல்லிய குரலில்.

கச்சேரியில் ரசிகர்கள் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் கதை அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன்.