தாகத்தின் பாட்டு

ரிச்சர்ட்ஸ் டவுன் சர்ச்சில் நான் ஆர்கன் வாசித்தபோது, பாடகர் குழுவில் கட்டைக்குரல்காரர் ஒருவர் இருந்தார். பெரிய உடம்பு. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் குடிப்பார்.

பெரிய வெள்ளியன்று சிலுவையில் இயேசுவின் தாகத்தைப் பாடுவது எப்போதும் உச்சக்குரல் பெண்கள்தான். அந்த வருடம் அதை அவர் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினார். அன்று ஃபிளாஸ்க் கொண்டுவரவில்லை.

"ஸ்கேலைக் கொஞ்சம் இறக்கட்டுமா, அங்கிள்?" பயந்துபோய்க் கேட்டேன்.

"வேணாம்மா. தாகத்துல கெடக்கறவனுக்குத் தொண்டை சுகமாவா இருக்கும்?"

உச்சத்தில் குரல் உடைந்தது. முன்வரிசையில் யாரோ செருமினார்கள். என் விரல்கள் தடுமாறின. அவர் நிறுத்தவில்லை, உடைந்த குரலிலேயே பாடி முடித்தார்.

பிறகு எத்தனையோ பேர் அதைப் பிசிறில்லாமல் பாடிவிட்டார்கள். ஒருவருக்கும் தாகம் இருந்ததாகத் தெரியவில்லை.