பதினொன்று பத்துக்கு இடித்த கார்

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைக் கார் காப்பீட்டு நிறுவனத்தின் உரிமையாளராகவே நினைவில் வைத்திருப்பீர்கள். அந்த நிறுவனம் தொடங்கிய இரண்டாவது வாரத்திலேயே மூடப்பட இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

அப்பா பிறந்தது திருமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூரில். அவருடைய பெற்றோர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். பாலிடெக்னிக் முடித்து, அவனியாபுரத்தில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் அடிபட்ட கார்களுக்கு நெளிவெடுத்தார். பிறகு, விபத்துச் சேதங்களை மதிப்பிடும் சர்வேயர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தார். பாலிசி எடுத்தவர்கள் இழப்பீட்டுக்காக அலைவதை அங்கேதான் பார்த்தார். பெரிய காப்பீட்டு நிறுவனங்களின் பாலிசிகளை விற்பதோடு நிற்காமல், இழப்பீடு கைக்கு வரும்வரை கூடவே நிற்கும் ஒரு நிறுவனம் வேண்டும் என்று நினைத்தார். உடன் வேலை பார்த்த நண்பரும் சேர்ந்தார். அவரை மகள்களாகிய நாங்கள் சித்தப்பா என்றே அழைத்து வளர்ந்தோம். இருவரும் சம்பள வேலையை விட்டு, விளாங்குடியில் ஒற்றை அறையில் அலுவலகம் திறந்தார்கள்.

முதல் வாடிக்கையாளர் செக்கானூரணிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்த விவசாயி. வெள்ளிக்கிழமை புதுக் கார் எடுக்கவிருந்தார். ராகு காலம் கழித்துப் பன்னிரண்டு மணிக்குப் பாலிசி தொடங்க வேண்டும் என்று கேட்டார். முதல் வாடிக்கையாளர் வந்த மகிழ்ச்சியில் அப்பா அப்படியே செய்தார். அதுவரை வண்டிக்குக் காப்பீடு கிடையாது, நகர்த்தவே கூடாது என்று சொல்ல மறந்தார்.

அன்று ஷோரூம் முற்றத்தில், மாலை போட்ட காருடன் குடும்பமே காத்திருந்தது. வெயில் ஏறியது. விவசாயியின் மருமகன் காரை வேப்பமர நிழலுக்கு நகர்த்தப்போய்க் கல்தூணில் இடித்தார். பம்பரும் ஒரு விளக்கும் உடைந்தன. விவசாயி நேரே விளாங்குடிக்கு வந்தார்.

“எத்தனை மணிக்கு இடிச்சது?” என்று கேட்டார் சித்தப்பா.

“பதினொண்ணு பத்து. ரோட்டுக்கே போகல சார், நிழலுக்குத்தான் நகட்டுனாரு மாப்ள. ராகு காலத்துல வண்டியத் தொடாதீகன்னு அம்புட்டுத் தடவ சொன்னேன்!”

சித்தப்பா அப்பாவைத் தனியே அழைத்தார். “பன்னெண்டேகால்னு எழுதிருவோம்ணே. முத ஆளையே வெறுங்கையோட அனுப்புனா அந்தப் பக்கத்துல இருந்து ஒருத்தரும் நம்மகிட்ட வர மாட்டாக.”

“இடிச்சது பதினொண்ணு பத்து.”

“அப்ப ஆபீசச் சாத்திட்டுப் பழைய வேலைக்கே போயிருவமா?”

“தப்பு என்னோடது தம்பி. அவருகிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

இழப்பீடு கிடைக்காது என்பதையும், அதற்குத் தாமே காரணம் என்பதையும் அப்பா விவசாயியிடம் சொன்னார். காரைத் தம் பொறுப்பில் பழைய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தாமும் வேலையில் இறங்கினார். திங்கள்கிழமை மாலை விவசாயி காரை இரண்டு முறை சுற்றிப் பார்த்தார்.

“எங்க இடிச்சதுன்னே தெரியல. மாப்ளைக்கு மட்டும் இதச் சொல்லிராதீக. சரி பண்ண ஆளு இருக்குன்னு மறுபடி இடிச்சிருவாரு.”

அடுத்த மாதம் தம் சகலைகள் இருவரையும் அவரே அழைத்து வந்தார்.

அதன்பின் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. சாவி கைமாறும் முன்பே பாலிசி தொடங்கிவிடும். பத்திரத்தை மட்டும் அவரவர் கேட்கும் நல்ல நேரத்தில் தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பார்கள். நிறுவனம் வளர்ந்து கப்பலூரில் சொந்தக் கட்டடம் கட்டியபோதும் அது மாறவில்லை.

அப்பாவிடம் குறைகளும் உண்டு. கல்யாண வீட்டுக்குப் போனால் வாசலில் நிற்கும் கார்களின் நெளிவுகளைப் பார்த்துவிட்டுத்தான் மணமக்களைப் பார்ப்பார். அம்மா மண்டபத்துக்குள் தனியாகவே நுழையப் பழகிக்கொண்டார்.

இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் நான்கு மாதங்கள் வீட்டில் நிம்மதியாக இருந்தார். மாலையில் சித்தப்பா வந்து அன்று வந்த இழப்பீட்டு விண்ணப்பங்களைப் படித்துக் காட்டுவார். கடைசி நாளன்றும் ஒன்றைக் கேட்டுவிட்டு, “இவுகளுக்கு இன்னைக்கே பேசிரு தம்பி” என்றார்.

மருத்துவமனையில் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், தங்கள் வண்டிகளைத் தெருமுனையில் நிறுத்திப் பந்தலுக்கு இடம் விட்ட அண்டை வீட்டாருக்கும், பதினாறு நாளும் சமைத்துப் போட்ட அத்தை குடும்பத்தாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அப்பாவின் கைபேசி எண்ணை நிறுத்தவில்லை. வழியில் எங்காவது வண்டி இடித்துவிட்டால் அந்த எண்ணுக்கே அழையுங்கள்; சித்தப்பா எடுப்பார். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.