கயட்டாத டாலரு

பேய், ஆவின்னு எவனாச்சும் ஆரம்பிச்சா மூஞ்சிக்கு நேரா சிரிக்கிற ஆளு நான். பதினாலு வருசமா திருவொத்தியூர்ல எக்ஸ்ரே எடுக்கிறேன், மனுசனுக்குள்ளாற இன்னா கீதுன்னு தெனம் பாக்குறவனுக்கு இன்னா பயம் சொல்லு. நீயும் சிரிப்ப, சிரி, பரவால்ல.

எண்ணூர் பக்கம் கரி எறக்குற கான்ட்ராக்ட் ஆளுங்கள வருசத்துக்கு ஒருவாட்டி வேன்ல ஏத்தியாந்து வுடுவானுங்க. நெஞ்சு படம் எடுக்கணும், எல்லாரும் ஃபிட்டுன்னு வரணும், அதான் கான்ட்ராக்டரு பேச்சு. எவன் நெஞ்சுலயாச்சும் சீக்கு மாரி வெள்ளத் திட்டு தெரிஞ்சா, கம்ப்யூட்டர்ல கீற என்னோட சொந்த சுத்தமான நெஞ்சுப் படத்துல அவன் பேர அடிச்சிக் குடுத்துருவேன். கலீஜ் பொழப்புதான், தெரியும்.

அப்படி வந்தவருதான் ராயபுரம் சூசையண்ணன். கழுத்துல மாதா டாலரு, ஓரம் ஒடைஞ்சது. படத்துல வுழும், கயட்டுண்ணேன்னு சொன்னேன். "பொண்டாட்டி கட்டுனது நைனா, குளிக்கசொல்லோ கூட கயட்டமாட்டேன்"னாரு. சரின்னு மூச்ச இழுத்துப் புடிக்கச் சொல்லி அப்படியே எடுத்தேன். நெஞ்சு பூரா திட்டு. "நல்லா கீதா நைனா?"ன்னாரு. சூப்பரா கீதுண்ணேன்னு என் படத்த அவர் பேர்ல குடுத்தேன். அன்னிக்கே சொல்லிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயி பொழச்சிருப்பாரு. எட்டே மாசம், செத்துட்டாரு.

அவரு சம்சாரம் ஒருநாள் காலைல அந்தப் படத்த எடுத்துகினு வந்து நின்னுச்சு. "தம்பி, இதுல டாலரக் காணமே? அதோடதான அவர பொதைச்சோம்." வேற ஒண்ணும் கேக்கல. அன்னிக்குக் கயட்டிட்டாரும்மான்னு வாய்கூசாம சொன்னேன்.

அந்த வாரமே எனக்கு லேசா இருமல். கூட வேல பாக்குற பாத்திமாவ ஒரு படம் எடுக்கச் சொல்லிட்டு வெறும் ஒடம்போட போயி நின்னேன். "டாலர கயட்டலியாண்ணே?"ன்னுச்சு அது, படத்தப் பாத்து. நான் டாலரே போட்டதில்ல, நம்பு நம்பாத போ. படத்துல நெஞ்சு சுத்தமா கீது, நடுவுல வட்டமா வெள்ளையா, ஓரம் ஒடைஞ்சி, அந்த டாலரு. மிசின் கோளாறுன்னு வேற சென்டர்ல போயி எடுத்தேன், அங்கயும் அதே டாலரு.

அதோட என் படத்த எவனுக்கும் குடுக்கறதில்ல. இன்னா பிரயோஜனம், செத்தவரு வருவாரா?

இப்ப ரெண்டு மாசமா மறுபடியும் இருமல், எச்சில்ல ரத்தம் வருது. மிசின் பக்கத்துலயேதான் நாள் பூரா நிக்கிறேன். இந்தவாட்டி எடுத்தா, டாலருக்குப் பின்னாடி தெரியப்போறது என் நெஞ்சா, அவரு நெஞ்சா? ஏறி நிக்க காலே வரல.