துணியில்லாமல் பிடித்த கை

பளபளா என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். சொந்தப் பெயரைக் கேட்டால் அவள் புருஷனே கொஞ்சம் யோசிப்பான். ஓட்டல் குண்டான், பள்ளிக்கூட மணி, டாக்டர் வீட்டுக் கதவுப் பிடி, எது மங்கினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் தேய்த்துக் கொடுத்தால் அதில் மூஞ்சி பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம்.

மூடிக் கிடந்த ரயில்வே சிக்னல் கேபினை அருங்காட்சியகம் ஆக்கப்போகிறோம் என்று ஒரு சங்கம் கிளம்பியபோது, கைகாட்டிகளை இயக்கும் இரும்பு லீவர்களைத் துலக்கவும் அவளையே தேடி வந்தார்கள். அங்கே கடைசியாக வேலை பார்த்தவரின் மகள் அவள் என்பது சங்கத்துச் செயலாளருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சுவரில் மாட்டிய பலகையை ஒளித்தாவது வைத்திருப்பார். முதல் நாளே அவள் படித்துவிட்டாள். எழுத்துக்கூட்டித்தான், ஆனாலும் படித்துவிட்டாள். 'கேபின்காரர் உறங்கிவிட்டதால் இங்கே இரண்டு வண்டிகள் மோதின.'

அப்பா சாகும்வரை ஒன்றையே சொன்னார். தூங்கவில்லை. கைகாட்டியை 'நில்' என்று திருப்ப லீவரைத் தள்ளினேன், கைகாட்டிக்குப் போகும் கம்பி எங்கோ சிக்கிக்கொண்டது. அதை நம்பியது வீட்டில் இரண்டே பேர். அதிலும் அம்மா, கட்டிக்கொண்ட பாவத்துக்கு நம்பினாள்.

"அந்த வரிய மட்டும் எடுத்துடுங்க சார். அது எங்கப்பா."

"விசாரணையில அப்படித்தாம்மா இருக்கு. நான் என் இஷ்டத்துக்கு எழுத முடியுமா?"

நல்ல மனுஷன்தான். காகிதம் சொல்லாததைச் சொல்ல வாய் வராத மனுஷன், அவ்வளவே.

அவள் துலக்கினாள். கேபின்காரர்கள் லீவரை வெறுங்கையால் தொடமாட்டார்கள். கையில் எப்போதும் ஒரு துணி இருக்கும். வியர்வை பட்டால் மறுநாளே பிடியில் துரு ஏறிவிடும். அப்பாவின் தோளில் எந்நேரமும் கிடந்த அந்தத் துணியில்தான் பளபளாவின் மூக்கும் துடைபட்டது.

மறுநாள் காலை வந்து பார்த்தால் எல்லா லீவரும் கண்ணாடி மாதிரி மின்னின, ஒன்றைத் தவிர. ஊருக்கு வெளியே நிற்கும் கைகாட்டியின் லீவர் அது, அன்று தள்ளியதாக அப்பா சொன்ன அதே லீவர். பிடியைச் சுற்றிச் செம்பழுப்பாய்த் துரு. எவனோ வேலையற்ற பயல் ஏறி வந்து தொட்டிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே தேய்த்தாள். மறுநாளும் அதே துரு. கதவு பூட்டியது பூட்டியபடி. தூசி படிந்த படிக்கட்டில் அவள் செருப்புத் தடம் மட்டும். மூன்றாம் முறை குனிந்து உற்றுப் பார்த்தாள். உள்ளங்கை. விரல்கள். சுண்டுவிரல் இருக்கவேண்டிய இடத்தில் பாதி விரல்.

அப்பாவின் சுண்டுவிரலில் பாதியை இளவயதிலேயே ஒரு லீவரின் கொக்கி தின்றிருந்தது. கேட்கிற பிள்ளைகளிடம், "மூக்க நோண்டினேன், உள்ளயே மாட்டிக்கிச்சு" என்பார்.

வீட்டில் சொன்னாள். பஸ் கண்டக்டரான புருஷன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மாமா வந்துட்டுப் போறாராக்கும்? ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போகச் சொல்றதுதானே."

"விளையாடாதீங்க."

"யாரு விளையாடுறா? உயிரோட இருந்தப்பவே எனக்கு அவருன்னா உதறும்."

அன்றைக்கு விளக்கை அணைக்க அவன் எழுந்திருக்கவே இல்லை.

செயலாளரைக் கையோடு அழைத்துப் போய்க் காட்டினாள். நட்டநடுப் பகல்.

"ஈரக்காத்தும்மா. இரும்புன்னா துரு பிடிக்கத்தானே செய்யும்."

"ஈரக்காத்துக்கு விரல் இருக்கா சார்?"

அவரே உப்புத்தாளை வாங்கித் தேய்த்தார். பிடியைப் பளிச்சென்று ஆக்கிவிட்டு, பரிசு வாங்கப்போகிறவர் மாதிரி நிமிர்ந்தார். இருவரும் நின்றார்கள். காற்று அசையவில்லை. கேபினின் கண்ணாடியெல்லாம் வெயில். கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அதுபோல இரும்பு முதலில் மங்கியது. உள்ளங்கை வந்தது. ஒவ்வொரு விரலாக வந்தது. அரை விரல் கடைசியாக வந்தது. பிறகு லீவர் முனகியது, யாரோ முழு பலத்தையும் அதன்மேல் போட்டதுபோல.

செயலாளர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வெறுங்கையாலயா?" என்றார்.

"துணிய எடுக்க நேரமில்ல சார். தூங்கினவன் கையா இது?"

பலகையை அவரே கழற்றினார். புதிய பலகையில் எழுதினார்: 'கேபின்காரர் லீவரைத் தள்ளினார். கைகாட்டி திரும்பவில்லை.' எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று நாளைக்கு எவனாவது கேட்டால் அது அவர் பாடு.

பளபளா வீட்டுக்குப் போய் ஒரு பாட்டம் அழுதாள். பெயர் மீண்டுவிட்டது, இனி அப்பா நிம்மதியாகப் போய்விடுவார் என்று நினைத்தாள்.

மறுநாள் துரு முன்னைவிடக் கெட்டியாக ஏறியிருந்தது. இரண்டு கை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பலகையை அப்பா எங்கே படித்தார்? பெயர் கெட்டால் என்ன, தேறினால் என்ன அவருக்கு? அவர் இன்னும் வண்டியை நிறுத்தப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சங்கத்துக்காரர்களோ, கை சாய்ந்திருந்தால் படத்துக்கு அழகு என்று கைகாட்டியைப் 'போ' என்று வைத்து, பிள்ளைகள் ஆட்டாமலிருக்க அந்த லீவரின் அடியில் வெல்டும் அடித்திருந்தார்கள்.

இம்முறை செயலாளரே ஆள் அனுப்பினார். வெல்டிங் கடைத் தம்பி வந்தான்.

"ஒட்டினதும் நானு, வெட்டுறதும் நானாக்கா? நல்லா இருக்கு உங்க வேலை."

பொறி பறந்து அடங்கியது. அவள் துணியைத் தோளிலேயே விட்டுவிட்டுத் துருவின்மேல் வெறுங்கையை வைத்தாள். இளஞ்சூடாக இருந்தது. அந்த லீவரைத் தள்ள ஓர் ஆளின் முழு எடையும் வேண்டும் என்பார் அப்பா. அவள் தள்ளத் தொடங்குமுன்பே அது போயிற்று, அவள் கையையும் இழுத்துக்கொண்டு. வெளியே புதருக்குள் கம்பி ஓடும் சத்தம் கேட்டது. தூரத்தில் கைகாட்டி குலுங்கி, நிமிர்ந்து, 'நில்' என்று குறுக்கே நின்றது.

"அக்கா," என்றான் தம்பி ஜன்னலோரத்திலிருந்து. "அந்தக் கம்பிய நாங்க போன மாசமே அறுத்து எடைக்குப் போட்டுட்டோமே."

பளபளா கையை எடுக்கவில்லை.

"சத்தம் போடாத," என்றாள். "வண்டி நிக்கட்டும்."