சம்பந்தி வீட்டில் ஆடிய பல்

இருபத்தாறு வருஷமாக ரயில் பெட்டியில் தேநீர் கொடுத்து, டிக்கெட் இல்லாதவனை வாயாலேயே விரட்டி இறக்கிவிட்டவள் உல்போசின். அந்த வாய் இன்று கஜகஸ்தானின் தராஸ் நகரத்தில், பெண் வீட்டு விருந்து விரிப்பின் முன்னால் இறுக மூடிக் கிடந்தது.

காரணம் மேல்வரிசை முன்பல். அதற்குப் போட்ட கேப் ஆடுகிறது என்று பல் டாக்டர் போன வருஷமே சொன்னார். "உள்ள பல்லு சொத்தையாயிட்டு வருது. மேல மூடி மட்டும் எத்தன நாள் நிக்கும்? வந்து காட்டிட்டுப் போங்கம்மா." எங்கே போக? வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. இன்று காலை ரொட்டியைக் கடித்ததும் கேப் கழன்று தட்டில் விழுந்தது. செருப்பு ஒட்டும் பசையைத் தடவி ஒட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

நாக்கு சும்மா இருக்குமா? நிமிஷத்துக்கு நாலு தடவை போய்த் தொட்டுப் பார்த்தது. ஆடுகிறது. பேசினால் விழும், சிரித்தால் விழும். மகனுக்கு நிச்சயம் பேச வந்த இடத்தில் பொக்கை வாயோடு இளிக்க முடியுமா? யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

கல்யாணப் பெண் மோல்திர் தேநீர் கொடுத்தபோதும் உதட்டைப் பிரிக்காமல் வாங்கிக்கொண்டாள். பின்னால் யாரோ ஒருத்தி கிசுகிசுத்தாள்: "மாமியா மூஞ்சியப் பாத்தியா? நம்ம பொண்ணப் புடிக்கலடி."

அது உல்போசின் காதிலும் விழுந்தது. இல்லை என்று சொல்லவாவது வாயைத் திறக்க வேண்டுமே!

அதற்குள் ஆட்டு வால்கொழுப்பும் ஈரலும் வந்துவிட்டன. அந்த ஊர் வழக்கப்படி சம்பந்திகள் ஒருவருக்கொருவர் அதை ஊட்டிக்கொண்டால்தான் நிச்சயம். பெண்ணின் தாய் ராபிகா ஒரு பிடி அள்ளி நீட்டினாள்.

"வாயத் தொறங்க சம்பந்தியம்மா!"

உல்போசின் திறக்கவில்லை. ராபிகாவின் கை அப்படியே நின்றது. கூடத்தில் சிரிப்பு அடங்கியது. "என்னடி ஆச்சு உனக்கு?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் பல்லைக் கடித்தார். மோல்திர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கண் நிறைந்திருந்தது.

அதைப் பார்க்க உல்போசினுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு விரலை வாய்க்குள் விட்டாள். கேப்பைப் பிடுங்கி, எல்லோர் முன்னாலும் கிண்ணத்துக்குப் பக்கத்தில் டக்கென்று வைத்தாள்.

"காலையிலேர்ந்து இந்தப் பாழாப்போன பல்லுக்குத்தான் காவல் இருந்தேன்!"

எல்லோரும் குனிந்து அதைப் பார்த்தார்கள். பிறகு கூடமே சிரித்து உருண்டது. மோல்திர் அழுதுகொண்டே சிரித்தாள்.

"அத்தே, என்னை வேணாம்னு நெனச்சிட்டீங்களோன்னு..."

"போடி பைத்தியம். பல்லு போனா வேற வச்சுக்கலாம். உன்ன விட்டா எங்கடி போய்த் தேடுவேன்?"

சொல்லிவிட்டு ராபிகாவின் பக்கம் திரும்பி, ஓட்டை தெரிய வாயை நன்றாகத் திறந்தாள்.