யார் பேருக்கு அர்ச்சனை

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்று மயிலாப்பூர் கோயிலில் குருக்கள் கேட்டார். மகளின் ஹால் டிக்கெட்டோடு நின்றிருந்த எனக்கு, என் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின நாள் ஞாபகம் வந்தது.

அன்றும் இதே சன்னதிதான். தட்டில் தேங்காய்க்கு அடியில் என் ஹால் டிக்கெட் ஈரமாகிக்கொண்டிருந்தது. குருக்கள் கேட்டதும் அம்மா அண்ணன் பெயரைச் சொன்னாள். வேலைவெட்டி இல்லாமல் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவன் பெயரை.

"பரீட்சை எனக்குத்தானேம்மா" என்றேன்.

"அவன் முன்னுக்கு வந்தா ஒன்னியும் பாத்துப்பான். கம்முனு கும்புடு."

கற்பூரத்தட்டு என்னிடம் வந்தபோது நான் கையை நீட்டவில்லை.

அண்ணன் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. அம்மா பத்து வருடமாக என் வீட்டில்தான் இருக்கிறாள்.

குருக்களிடம் மகளின் பெயரைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற அம்மா என் முழங்கையை இடித்தாள்.

"அப்பிடியே ஒங்கண்ணன் பேரையும் சொல்லிடு."