பெரட்டுக்குப் பிந்தி வந்தவர்

போன ஞாயிறு எங்கள் ஆலயத்தில் திருவிருந்து ஆராதனை. ஐயர் — எங்கள் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம் — அப்பத்தைக் கையில் எடுத்து ஜெபித்துக்கொண்டிருக்கிறார். நான் வழக்கம்போல் கதவோரம். (பிரசங்கம் நீண்டால் காற்று வாங்க வசதி!) தற்செயலாக வெளியே பார்த்தேன். கேட்டுக்குப் பக்கத்தில், கால்வாய் ஓரமாக, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நிற்கிறார்.

அட... நம்ம தேவசகாயம் அண்ணே!

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பத்து காஜா ஊர்ப்பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட ஆரம்பித்ததும், மனைவி அன்னம்மா அக்காவோடு ஈப்போவுக்கு வந்துவிட்டார். இப்போது ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தோட்டத்தில் இருந்தபோது குடி. கொஞ்சநஞ்சம் இல்லை, சம்சு சாராயமே சாப்பாடு என்று கிடந்தவர். எங்கள் ஆலயத்தில் ஞானஸ்நானம் எடுத்த அன்றோடு நிறுத்தினார்.

அதோடு ஒரு பழக்கமும் தொடங்கியது. விடிந்தும் விடியாமலும் வேலைக்குப் போகிற வழியில், ஆலயத்துக்கு முன்னால் சைக்கிளை நிறுத்துவார். கேட் பூட்டியிருக்கும். அதனால் என்ன? வெளியே விறைப்பாக நின்று, சத்தமாக — "ஆண்டவரே, தேவசகாயம் வந்துட்டேன்!" என்பார். சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். மழையோ காய்ச்சலோ, வேலையில்லாத ஞாயிறோ, ஒருநாள் தவறாது. 'பக்தி என்றால் இப்படி இருக்கவேண்டும்' என்று ஐயர் பிரசங்கத்திலேயே சொன்னார். நாங்கள் தலையாட்டினோம். அடுத்தவர் பக்திக்குத் தலையாட்டுவதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது.

அப்படிப்பட்டவர் ஏன் வெளியே நிற்கிறார்? எழுந்து போனேன்.

"என்ன அண்ணே, இங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க, திருவிருந்து ஆரம்பிச்சாச்சு."

"வேணாம் தம்பி. இன்னிக்கு நான் உள்ள வரக்கூடாது."

கண்கள் சிவந்திருந்தன. மெல்ல விசாரித்தேன். பழைய தோட்டத்துக் கூட்டாளி ஒருவர் இறந்துபோனாராம். முந்தின நாள் அடக்கத்துக்குப் போயிருக்கிறார். இடுகாட்டிலிருந்து திரும்பியதும் யாரோ கிளாஸை நீட்டியிருக்கிறார்கள். அழுதுகொண்டே வாங்கிவிட்டார். ஒன்று... அப்புறம் இன்னொன்று...

"காலையில பெரட்டுக்கும் வரல தம்பி. பேர வெட்டியிருப்பாரு."

"யாரு அண்ணே?"

"ஆண்டவர்தான்."

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு தெரியும். விடியுமுன் எல்லோரும் வரிசையில் நிற்கவேண்டும். கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார். பிந்தி வந்தால் பெயரை வெட்டிவிடுவார்; அன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஓரமாக நின்று கெஞ்சலாம். தொரை இரங்கினால் உண்டு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை காலமும் அந்தப் பூட்டிய கேட்டுக்கு முன்னால் அவர் நின்றது பக்தியால் இல்லை. பயத்தால்! தோட்டத்துத் தொரையின் இடத்தில் ஆண்டவரை வைத்துவிட்டு, தினமும் பெரட்டுக்கு நின்றிருக்கிறார் மனிதர்.

"குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணேன் தம்பி. தினமும் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தேன்..."

கிருபை, மன்னிப்பு என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சைக்கிளைத் திருப்பினார். இப்படியே போனால் அவர் வீட்டுக்குப் போகமாட்டார். எங்கே போவார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையைப் பிடித்து இழுக்கவா முடியும்?

அதற்குள் அன்னம்மா அக்கா வந்துவிட்டார். ஆராதனை நடுவில், எல்லோரும் பார்க்க, எழுந்து வந்திருக்கிறார். செம டோஸ் விழப்போகிறது என்று நான் ஒதுங்கிக்கொண்டேன். அக்கா சைக்கிளைப் பிடித்தார்.

"தோட்டத்துல இருக்கறப்ப எத்தன ராத்திரி குடிச்சிட்டு வந்தீங்க? ஒருநாளாவது நான் கதவத் தொறக்காம இருந்தேனா?"

"இல்ல."

"திட்டுனேன். அழுதேன். ஆனா தொறந்தேன் லா. எனக்கே மனசு வருது... அவருக்கு வராதா?"

அண்ணனின் தோள் குலுங்கியது.

"என்னால முடியல அன்னம்மா."

"தெரியும். அத உள்ள வந்து சொல்லுங்க. சத்தியம் கித்தியம் ஒண்ணும் வேணாம். முடியலன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த அவரு பாத்துக்கட்டும்."

இருவரும் உள்ளே போனார்கள். முன்னால் போய் முழங்கால் போட்டார்கள். ஐயர் காத்திருந்தார். ஆலயமே காத்திருந்தது. 'வந்துட்டேன்' என்கிற அந்த விறைப்பான குரல் வரவில்லை. வேறொரு குரல் வந்தது. சின்னப் பிள்ளையின் குரல்போல —

"முடியல ஆண்டவரே... என்னய நீங்களே எடுத்துக்குங்க."

அவ்வளவுதான். அவர் நீட்டிய கையில் ஐயர் அப்பத்தை வைத்தார். கீழே விழாமல் அக்கா தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். நான் அழுதுவிட்டேன். சொல்ல வெட்கமில்லை.

பாவத்திலிருந்து விடுதலை என்றால் என்ன? நாமே அதை மிதித்து ஜெயித்துவிட்டு, அப்புறம் ஆண்டவர் முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்தி நிற்பதா? நம்மில் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஜெயிக்கிறவரை பல்லைக் கடிக்கிறோம். வழுக்கிவிட்டால் கால்வாய் ஓரம் ஒதுங்கிவிடுகிறோம். 'என்னால் ஆகாது' என்று அவர் கையில் விழுவதற்கு மட்டும் ஏனோ மனசு வருவதில்லை.

புதன்கிழமை பசாரில் மீன் கடை முன்னால் அக்காவைப் பார்த்தேன்.

"அண்ணே எப்படிக்கா இருக்காரு?"

"நல்லா இருக்காரு லா. குளிக்கிறப்ப பாட்டு வேற!"

கேட்டிருக்கக் கூடாதுதான். வாய் சும்மா இருந்தால்தானே?

"குடி...?"

"இன்னிக்கு இல்ல."

"நாளைக்கு?"

அக்கா ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அது ஆண்டவரோட கவல தம்பி. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க."